படத்துக்கு ஏற்ற தாளும் சட்டமும்



தோட்டத்து வீடு எதற்குள் நுழைந்தாலும் முதலில் நம் கண்ணில் படுவன சுவரில் மாட்டியிருக்கும் படங்களே. சாமி படங்கள் ஒரு பக்கம். அவற்றுக்கு அடுத்தாற்போல் குடும்பப் படங்கள். மாலை சூட்டிய தாத்தாவின் படம், பட்டணத்து ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட திருமணப் படம், பட்டமளிப்பு உடையில் மூத்த பிள்ளையின் படம் என்று அந்தச் சுவரே குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுக்கப் பட்டணத்துக்குப் போகவேண்டும், காசு சேர்க்கவேண்டும். இன்றோ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரு நாளில் நூறு படம் எடுக்கிறோம். ஆனால் அவற்றில் ஒன்றைத் தாளில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று கடைக்குப் போகும்போதுதான் ஒரு சங்கடம் எழுகிறது. கைப்பேசியில் முழுமையாக இருந்த படம், சட்டத்துக்குள் வரும்போது குறைந்துபோய் வருகிறது. இது ஏன் நேர்கிறது, இதைத் தடுப்பது எப்படி என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம். இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. நாமே செய்த ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இது.

நாம் பணியாற்றும் பள்ளியின் பிள்ளைகளுள் ஒருவரின் வீட்டுக்குத் தீபாவளி விருந்துக்கு அழைத்திருந்தார்கள். ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் உறவினர்கள் வந்திருந்தார்கள். இத்தனை பேரும் ஒன்றாகச் சேர்வது அரிது என்பதால், "ஐயா, நீங்களே ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்று வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் பதின்மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த வீட்டுப் பெரியப்பா, பல ஆண்டுகள் அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர், கடைசியாக வந்து, "நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்" என்று வலது கோடியில் நின்றுகொண்டார். நாமும் நமது கைப்பேசியைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, இரு கோடியில் நிற்பவர்களும் திரையின் விளிம்பைத் தொடும் அளவுக்கு நெருங்கி வந்து படம் எடுத்தோம். எல்லாரும் விழுந்துவிட்டார்கள், படம் நன்றாக வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். படத்தை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தோம்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெரியப்பா காலமானார். அவர் குடும்பத்தோடு நின்ற கடைசிப் படம் அதுதான். அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட எண்ணி, அழகிய 8ஆர் சட்டம் ஒன்றை முதலில் வாங்கிவிட்டு, பிறகு படத்தைக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். படம் வந்தது. ஆனால் இடது கோடியில் இருவரைக் காணவில்லை. வலது கோடியிலும் இருவரைக் காணவில்லை. பெரியப்பா இருந்த இடத்தில் சட்டத்தின் மரவிளிம்புதான் இருந்தது. அந்த அம்மா படத்தைப் பள்ளிக்கே எடுத்து வந்து, "ஐயா, நீங்க எடுத்த படத்துல பெரியப்பா இருந்தாரே! இதுல காணோமே?" என்று கேட்டபோது நமக்கு உடனே விடை சொல்ல வாயெழவில்லை.

கடைக்காரரை நொந்துகொள்வதில் பயனில்லை. அவர் கேட்ட அளவில் அச்சிட்டுக் கொடுத்தார். கோளாறு எங்கே என்றால், படத்தின் வடிவம் வேறு, தாளின் வடிவம் வேறு. இதை நாமும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பாருங்கள். நீளமான பாய் ஒன்று இருக்கிறது. அதைக் குட்டையான அறையில் விரிக்கவேண்டும். என்ன செய்வோம்? ஒன்று, பாயின் இரு முனைகளையும் மடக்கிவிடவேண்டும். அல்லது அதே வடிவில் சிறிய பாயாக ஒன்றை வாங்கி விரித்து, பக்கங்களில் வெறுந்தரை தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடவேண்டும். இவற்றைத் தவிர வேறு வழியில்லை. படத்துக்கும் இதே கதிதான். படத்தின் வடிவமும் தாளின் வடிவமும் ஒத்துப்போகாவிட்டால், ஒன்று படத்தின் ஓரம் வெட்டுப்படும். அல்லது தாளில் வெள்ளை இடம் மிஞ்சும். வேண்டுமானால் படத்தை ஒரு பக்கமாக இழுத்து நிரப்பலாம். அப்படிச் செய்தால் ஒல்லியானவர் தடித்துப் போவார். வட்ட முகம் நீள முகமாகும். அந்த வழியை நாம் மறந்துவிடுவது நல்லது.

வடிவம் என்று நாம் சொல்வது நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை. இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை உங்களுக்கு முன்பாக அந்தப் பிள்ளை போட்டுவிடும்.

முதலில் கைப்பேசிப் படம். பெரும்பாலான கைப்பேசிகள் இயல்பாக எடுக்கும் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். 4ஐ 3ஆல் வகுத்தால் 1.33. கைப்பேசியில் 16:9 என்று மாற்றி வைத்திருந்தால் படம் நீண்டுபோகும். 16ஐ 9ஆல் வகுத்தால் 1.78. இது இன்றைய தொலைக்காட்சித் திரையின் வடிவம். நாம் தீபாவளியன்று எடுத்த படம் இந்த நீண்ட வடிவத்தில்தான் இருந்தது. திருமணங்களில் படம் எடுப்பவர்கள் கொண்டுவரும் பெரிய கேமராக்களில் பெரும்பாலானவை மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எடுக்கும். அதன் எண் 1.5.

இனித் தாளுக்கு வருவோம். நமது நாட்டுப் படக்கடைகளில் 4ஆர், 5ஆர், 8ஆர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 4ஆர் என்றால் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5. 5ஆர் என்பது 5க்கு 7. அதன் எண் 1.4. 6ஆர் என்பது 6க்கு 8. அதன் எண் 1.33. 8ஆர் என்பது 8க்கு 10. அதன் எண் 1.25. எஸ்8ஆர் என்று ஒன்று உண்டு. அது 8க்கு 12. அதன் எண் மீண்டும் 1.5. நற்சான்றிதழ்களுக்கு நாம் வாங்கும் ஏ4 சட்டம் 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். அதன் எண் 1.41.

பெயரில் எண் பெரிதாகப் பெரிதாகத் தாள் பெரிதாகிறது என்பது உண்மை. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதில்லை. 4ஆர் அளவில் சரியாக வந்த படம் 8ஆர் அளவிலும் சரியாக வரும் என்று எண்ணுவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை.

இத்தனை வடிவங்கள் ஏன் வந்தன என்று கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் பிறந்தது. 8க்கு 10 அங்குலம் என்பது, கண்ணாடித் தகட்டிலும் பெரிய படச்சுருள் தாளிலும் படம் எடுத்த பழைய பெட்டிக் கேமராக்களின் காலத்தது. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் என்பவர், திரைப்படச் சுருளையே பயன்படுத்தும் சிறிய கேமரா ஒன்றை உருவாக்கினார். சினிமாவின் ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அவர் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24க்கு 36 ஆக்கினார். அந்த லைக்கா கேமரா 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் பரவியதற்கு அதுவே காரணம். அந்தச் சுருளுக்குப் பொருந்தியதுதான் 4ஆர் தாள். பிறகு இலக்கமுறைக் கேமரா வந்தபோது, அக்காலக் கணினித் திரையின் நாலுக்கு மூன்று வடிவத்தைப் பல கேமராக்கள் ஏற்றன. கைப்பேசியும் அவ்வழியே வந்தது. கேமரா மாறிவிட்டது, தாளும் சட்டமும் பழைய அளவிலேயே நின்றுவிட்டன. இடையில் அகப்பட்டுக்கொண்டது நமது குடும்பப் படம்!

இப்போது முதன்மையான விதியைச் சொல்கிறோம். படத்தின் எண்ணையும் தாளின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. படத்தின் எண் பெரிதாக இருந்தால், படம் தாளைவிட நீளமானது என்று பொருள். அதன் இரு முனைகளும் வெட்டுப்படும். படுக்கை வாட்டப் படத்தில் இடக்கோடியும் வலக்கோடியும் போகும். படத்தின் எண் சிறிதாக இருந்தால், தாள் நீளமானது என்று பொருள். படுக்கை வாட்டப் படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். எவ்வளவு போகும் என்று அறிய, சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுங்கள். வருவது மிஞ்சும் பங்கு.

இந்த விதியைக்கொண்டு நமது தீபாவளிப் படத்தைச் சோதிப்போம். படத்தின் எண் 1.78. 8ஆர் தாளின் எண் 1.25. படத்தின் எண் பெரிது. ஆகவே இரு கோடிகளும் போகும். 1.25ஐ 1.78ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.7. பத்தில் ஏழு பங்கு மிஞ்சும். மூன்று பங்கு போகும். வரிசையில் நின்றவர்கள் பதின்மூன்று பேர். அவர்களில் ஏறத்தாழ நால்வர், பக்கத்துக்கு இருவராகப் போனதில் வியப்பு என்ன? கணக்கு முன்பே சொல்லியிருக்கும். நாம்தான் கேட்கவில்லை.

இயல்பான நாலுக்கு மூன்று படத்தை 4ஆர் தாளில் அச்சிட்டால் என்ன ஆகும்? 1.33, 1.5ஐவிடச் சிறிது. ஆகவே மேலும் கீழும் போகும். ஆறு அங்குல நீளத்தை நிரப்ப அந்தப் படத்துக்கு நாலரை அங்குல உயரம் வேண்டும். தாளிலோ நாலு அங்குலந்தான் உண்டு. மேலே கால் அங்குலம், கீழே கால் அங்குலம் போய்விடும். ஒன்பதில் ஒரு பங்கு. பின்வரிசையில் நிற்கும் உயரமான மாமாவின் தலை போவது இதனால்தான். அதே படத்தை 5ஆர் தாளில் போட்டால் மிகச் சிறிதளவே குறையும். 8ஆர் தாளில் போட்டால் பதினாறில் ஒரு பங்கு குறையும். 6ஆர் தாளில் போட்டால் வடிவம் சரியாகப் பொருந்தும்.

விதி தெரிந்துவிட்டது. இனி நாம் செய்யவேண்டியவை என்ன?

முதலாவது, படம் எடுக்கும்போதே இடம் விட்டு எடுக்கவேண்டும். விளிம்பைத் தொடும்படி யாரையும் நிறுத்தாதீர்கள். கோடியில் நிற்பவருக்கு அப்பால் இன்னும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கட்டும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் இருக்கட்டும். மிகுதியாக உள்ள இடத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இல்லாத இடத்தை எங்கே போய் வாங்குவது? கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரே நீள வரிசையாக நிறுத்தாமல், பெரியவர்களை நாற்காலியில் நடுவில் அமர்த்தி, மற்றவர்களை இரண்டு மூன்று வரிசையாக நிறுத்துங்கள். அப்படி நிற்கும் குழு எந்தத் தாளிலும் பொருந்தும். தாளில் மாட்டுவதற்காக எடுக்கும் படமானால், கைப்பேசியில் 4:3 என்று வைத்து எடுப்பது நல்லது.

இரண்டாவது, சட்டத்தை முதலில் வாங்காதீர்கள். காலுக்கு ஏற்ற செருப்பைத் தேடுவோமே தவிர, செருப்புக்காகக் காலைத் தறிப்போமா? முதலில் படத்தின் வடிவத்தைப் பாருங்கள், அதற்கேற்ற தாளைத் தேர்ந்தெடுங்கள், கடைசியாகச் சட்டம். சட்டம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு படத்தின் நான்கு பக்கத்திலும் சில மில்லிமீட்டர்களை மறைக்கும். ஆகவே தாளின் ஓரத்தை ஒட்டி முகமோ கையோ இருக்கக்கூடாது.

மூன்றாவது, கடையில் வாய் திறந்து சொல்லவேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், தாள் நிரம்பும்படி இயந்திரம் தானாகவே ஓரத்தை வெட்டிவிடும். "முழுப் படமும் வரவேண்டும், வெள்ளை ஓரம் இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "ஜாங்ஙான் போத்தோங்" என்ற இரண்டு மலாய்ச் சொற்கள் போதும். வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், எந்தப் பக்கம் வெட்டவேண்டும் என்பதை நீங்களே திரையில் பார்த்துச் சொல்லுங்கள். வானத்தை வெட்டலாம், வாசல் தரையை வெட்டலாம், ஆளை வெட்டக்கூடாது. வெள்ளை ஓரத்தைக் குறையென்று கருதவேண்டாம். படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை வைத்துச் சட்டம் போடும் பழக்கம் நெடுங்காலமாக உள்ளதுதான். பார்வைக்கும் அது அழகாகவே இருக்கும்.

நான்காவது, மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படத்தை அனுப்பினால் அது புள்ளிகளைக் குறைத்து அனுப்பும். சிறிய திரையில் வேறுபாடு தெரியாது. பெரிய தாளில் தெரியும். 8ஆர் அளவில் நேர்த்தியாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால், 2400க்கு 3000 புள்ளிகள் வேண்டும். பல கைப்பேசிகளின் முழுப் படத்தில் 4000க்கு 3000 புள்ளிகள் உண்டு. ஆகவே படம் எடுத்த கைப்பேசியையே கடைக்குக் கொண்டுபோங்கள்; இல்லாவிட்டால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய படங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பவர்களுக்கும் ஒரு சொல். தாத்தா பாட்டியின் பழைய படங்கள் சில சதுரமாக இருக்கும். அவற்றை 4ஆர் தாளில் நிரப்பினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சதுரப் படம் சதுரமாகவே இருக்கட்டும். அதன் வெள்ளை ஓரத்தையும், அதில் யாரேனும் எழுதிய தேதியையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

நேயர்களே, அந்த வீட்டுப் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நல்லவேளையாக மூலப் படம் நமது கைப்பேசியில் இருந்தது. அந்த அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். மகள் ஆறாம் ஆண்டு மாணவி. நாம் சொல்லிக்கொடுத்த கணக்கை அவளே தாளில் போட்டுக் காட்டினாள். எஸ்8ஆர் தாளில் 12 அங்குல நீளம் முழுவதும் படம். உயரம் ஆறே முக்கால் அங்குலம். மேலும் கீழும் அரை அங்குலத்துக்குச் சற்று மிகுதியாக வெள்ளை இடம். கடைக்காரரும் பொறுமையாகக் கேட்டு அப்படியே அச்சிட்டுக் கொடுத்தார். அதன் பிறகே சட்டம் வாங்கினோம். முதலில் வாங்கிய 8ஆர் சட்டமும் வீண்போகவில்லை. மகள் பள்ளியில் பரிசு வாங்கிய படம் இப்போது அதில் இருக்கிறது.

இன்று அந்த வீட்டுச் சுவரில் பதின்மூன்று பேரும் நிற்கிறார்கள். வலது கோடியில் பெரியப்பா, பேரனின் தோள்மேல் கைவைத்தபடி நிற்கிறார். அந்தக் கை பேரனின் தோளில் இருந்ததை, படம் எடுத்த நாமே அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தோம்.

நமது குடும்பங்களில் ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வேலையை முடித்துக் கடைசியாக வந்த அம்மா நிற்பார். நடுவில் நிற்கக் கூச்சப்படும் பெரியவர் நிற்பார். வெளியூரிலிருந்து வந்த உறவினர் நிற்பார். தோட்டங்கள் பல கைமாறி, குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்துபோன இந்நாளில், அவர்கள் மீண்டும் ஒன்றாக நிற்கும் நாள் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே அடுத்த பெருநாளில் படம் எடுக்கும்போது ஓரடி பின்னால் போய் எடுங்கள். அச்சிடும்முன் இரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள். அந்தச் சிறிய கணக்கு, ஓர் ஆளைச் சுவரிலிருந்து இழக்காமல் காக்கும்.